பொத்தானை அழுத்திவிட்டு நின்றபோது

இன்று காலை அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், மாண்ட்கோமரி கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் போல) இருக்கும் ராக்வில்லில் நானும் மகளும் சாலையைக் கடந்துகொண்டிருந்தோம். பாதி தூரத்தில் சிக்னலில் 12, 11, 10 என்று எண்கள் இறங்கின. "எத்தனை செகண்டுன்னு யாரும்மா முடிவு பண்றது?" என்றாள் மகள்.

சட்டென்று அருணா மில்லர் ஞாபகம் வந்தது.

ஹைதராபாத்தில் பிறந்து, 7 வயதில் அமெரிக்கா வந்து, இதே மாண்ட்கோமரி கவுண்டியின் போக்குவரத்துத் துறையில் 25 ஆண்டுகள் இன்ஜினீயராக இருந்தவர். 2023 ஜனவரியில், கீதையின் மேல் கை வைத்து மேரிலாந்தின் துணைநிலை ஆளுநரானார்.

துணைநிலை ஆளுநர் என்று சொன்னாலே நமக்குப் புதுச்சேரிதான் நினைவுக்கு வரும். அது நியமனப் பதவி. இங்கே ஆளுநரோடு ஜோடியாக நின்று ஓட்டு வாங்கி ஜெயிக்க வேண்டும், ஆளுநர் இடம் காலியானால் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். மற்றபடி ஆளுநர் ஒப்படைக்கும் வேலைதான், டெக்சாஸில் போல மாநில செனட்டை (சட்டமன்றத்தின் மேலவை) நடத்தும் அதிகாரமெல்லாம் கிடையாது.

அதனால்தான் அந்த நாற்காலிக்கு வருகிறவர் அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தார் என்பது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

மகளிடம் சொன்னேன். "ரோடு இன்ஜினீயரா?" என்று கேட்டுவிட்டு, திரும்பி அந்த சிக்னல் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.