பார்லி ஒயினை மோந்து எழுதுவது: பியர் நடுவர் தேர்வில் எனக்குக் கைகொடுத்தவை

பிஜேசிபி (Beer Judge Certification Program) என்ற அமைப்பு பியர் நடுவர்களுக்கு நடத்தும் சுவைத் தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை 100-க்கு 64 மதிப்பெண், இரண்டாம் முறை 78. நடுவில் கிடைத்த ஒன்றரை வருடத்தில் புத்தகத்தைப் புரட்டியது குறைவு, கிளாஸை மோந்தது அதிகம். அதிலும் என்னை மாற்றியது ஒரே ஒரு வகைதான்: இங்கிலாந்தின் பார்லி ஒயின். பேரில்தான் ஒயின்; மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, நிறையப் போட்டுக் காய்ச்சும் ஸ்ட்ராங் பியர் இது. தேர்வுக்குத் தயாராகும் நம் ஆட்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

தேர்வு 90 நிமிடம், 6 பியர். ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம்தான். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10 என்று 50-க்கு நீங்கள் பியருக்கு மார்க் போட வேண்டும். அதே பியரை அனுபவமுள்ள நடுவர்களும் தனியாகச் சுவைத்து எழுதுவார்கள். நீங்கள் கண்டுபிடித்தது அவர்கள் கண்டுபிடித்ததோடு ஒத்துப்போகிறதா, போட்ட மார்க் பக்கத்தில் இருக்கிறதா, விவரிப்பு எப்படி, தயாரித்தவருக்குச் சொன்ன யோசனை உருப்படியானதா, தாள் முழுமையாக இருக்கிறதா என்று ஐந்து விதமாகத் திருத்துவார்கள்.

முதல் தேர்வில் நான்காவது கப்பாக இங்கிலாந்து பார்லி ஒயின் வந்தது. நான் என்ன எழுதினேன் தெரியுமா? "மால்ட் மணம், கேரமல், கரும்பழங்கள், ஆல்கஹால்." எல்லாம் பிஜேசிபியின் பியர் வகை வழிகாட்டியில் மனப்பாடம் செய்தவை. கப்பை மோப்பதற்கு முன்பே அந்தச் சொற்கள் என் கையில் இருந்தன. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, "ஹாப் மணம் போதவில்லை" என்று குறை வேறு எழுதி மார்க்கைக் குறைத்தேன் (ஹாப் என்பது பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ). அமெரிக்க பார்லி ஒயினுக்குச் சொல்ல வேண்டிய குறை அது. அமெரிக்க வகையில் கசப்பு 50 முதல் 100 ஐபியு (பியரின் கசப்பை அளக்கும் அலகு) வரை போகும், ஹாப் முன்னால் வந்து நிற்கும். இங்கிலாந்து வகையில் 35 முதல் 70 வரைதான். அங்கே மால்ட்தான் எல்லாம், ஹாப் பின்னால் நின்று தித்திப்பைத் தாங்கிப் பிடித்தால் போதும். இந்த எண்கள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நாக்குக்குத்தான் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஜே.டபிள்யூ. லீஸ் ஆலையின் ஹார்வெஸ்ட் ஏல் என்ற பார்லி ஒயினை வாங்கினேன். நான் இருப்பது மான்செஸ்டர், அவர்கள் ஆலையும் இங்கேதான். 1986 முதல் வருடா வருடம் காய்ச்சி, லேபிளில் ஆண்டைப் போட்டு விற்கிறார்கள். மாரிஸ் ஆட்டர் என்ற பழைய பார்லி ரகத்தின் மால்ட், ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப், ஆல்கஹால் 11.5%. படிப்பதற்கு இதைவிட நல்ல பியர் எனக்குத் தெரியாது. சேர்மானம் இவ்வளவு எளிமையாக இருப்பதால், வருகிற வாசம் எதிலிருந்து வருகிறது என்று குழம்ப வேண்டியதில்லை.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே மோந்தேன். வெறும் தித்திப்பு வாசம், கொஞ்சம் நெடி, வேறொன்றும் இல்லை. கிளாஸை மேஜையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மோந்து எழுதினேன். இரண்டாம் முறை தேனும் ஆரஞ்சு மார்மலேடும். மூன்றாம் முறை, 12, 13 டிகிரி வந்திருக்கும், திடீரென்று அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் அடுப்படி. சந்தேகமே இல்லை, வெல்லம் பொங்கி உருட்டுப் பதத்துக்கு வரும்போது எழும் அதே வாசம். ஆங்கிலத்தில் 'டாஃபி' என்று நான் நூறு முறை எழுதியிருக்கிறேன், அதை உண்மையில் மோந்தது அன்றுதான். வாயில் வைத்தால் கனமாக நாக்கில் படர்ந்தது, நுரை அதிகமில்லை. விழுங்கியபின் நெஞ்சுக்குள் சுக்குக் காப்பி இறங்குகிற மாதிரி ஒரு கதகதப்பு. அந்தக் கதகதப்பு இருக்கலாம், இருக்கத்தான் வேண்டும். தொண்டை காறி எரிந்தாலோ, நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் நெடி அடித்தாலோ அது குறை.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் எனக்குத் தெரிந்த வாசம், வலது பக்கம் தாளில் எழுத வேண்டிய சொல். கருப்பட்டிக்கு எதிரே ட்ரீக்கிள், அதாவது இங்கிலாந்துக்காரர்களின் கறுப்புச் சர்க்கரைப் பாகு. 'கரும்பழம்' என்று மொத்தமாக எழுதுவதை விட்டுவிட்டு உலர்திராட்சையா, பேரீச்சையா, அத்தியா என்று பிரித்தேன். வீட்டில் மூன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வெந்நீரில் ஊறவைத்து, கண்ணை மூடி மோந்து பழகினேன். ஒவ்வொன்றுக்கும் அளவும் எழுதுங்கள். 'உலர்திராட்சை' என்பதைவிட 'மிதமான உலர்திராட்சை, லேசான அத்தி' என்பதற்கு மதிப்பு அதிகம். நம் மூக்கு சமையலறையில் வளர்ந்த மூக்கு. வேறொருவர் ஊர் மிட்டாயை நினைவில் தேடிக்கொண்டு ஏன் நிற்க வேண்டும்?

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது ஆக்சிஜன் விஷயம்தான். பொதுவாக பியரில் ஆக்சிஜன் பட்ட வாடை குறை. பாட்டிலில் பல வருடம் வைத்துப் பழகிய பார்லி ஒயினில் அதுவே ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் போன்ற மணமாக வந்தால் பாராட்டு. ஒரு முறை வாங்கிய பாட்டிலில் நனைந்த அட்டைப் பெட்டி வாடை, நானோ அதை "நன்றாகப் பழகியது" என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கூடப் படித்த நண்பர்தான் திருத்தினார். பிறகு ஒரு டம்ளர் வெந்நீரில் அட்டைத் துண்டு, இன்னொன்றில் கொஞ்சம் ஷெர்ரி, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் மோந்தேன். அட்டை வாடை மற்ற மணங்களை அமுக்கி மந்தமாக்கும். ஷெர்ரி மணம் பழத்தோடும் பாகோடும் சேர்ந்து ஆழம் கொடுக்கும். அதே ஹார்வெஸ்ட் ஏலின் ஆறு வருடம் பழகிய பாட்டிலைப் புதியதோடு வைத்துப் பார்த்தபோது இது தெளிவாகிவிட்டது: பழையதில் மார்மலேடு போயிருந்தது, அத்தியும் பழைய தோல்பையின் வாசமும் வந்திருந்தன.

இந்த ஸ்ட்ராங் சரக்கைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. 275 மில்லி பாட்டிலில் பிரிட்டன் கணக்குப்படி மூன்று யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 10 மில்லி சுத்த ஆல்கஹால்) மேல் இருக்கிறது. நான்கு பேர் பகிர்ந்து கொள்ளுங்கள், அன்று அதற்குப் பிறகு வேறு பியரைச் சுவைக்காதீர்கள், வண்டியைத் தொடாதீர்கள்.

இரண்டாம் தேர்வில் ஐந்தாவது கப்பாக அதே வகை வந்தது. சில்லென்று இருந்ததால் உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டேன். முதலில் வந்த வாசத்தை உடனே குறித்தேன், தோற்றத்தை எழுதினேன், ஐந்தாம் நிமிடத்தில் மறுபடி மோந்தேன். பாகு வந்தது, பேரீச்சை வந்தது, ஓரத்தில் லேசாக அட்டைப் பெட்டி வாடையும் வந்தது. முன்பு போலத் தயங்கவில்லை. பாட்டிலில் நிரப்பும்போது காற்றுப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தயாரித்தவருக்கு எழுதி 34 போட்டேன். நடுவர்கள் போட்டிருந்தது 35.

இப்போதும் வருடத்துக்கு இரண்டு பாட்டில் வாங்குகிறேன். இந்த வருடம் வாங்கியதில் ஒன்றைத் திறந்தாயிற்று. மற்றது படிக்கட்டுக்குக் கீழே, இருட்டில் நிற்கிறது.