இஞ்ச் டேப் பிடிக்கக் கற்ற ஆறு மாதம்

பத்து வருடம் ஆஸ்பத்திரி வார்டிலேயே ஓடிவிட்டது. 2018-ல் துணை சுகாதார நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்றத் தொடங்கியபோதுதான், நர்ஸ்களுக்கான ஆறு மாத சமூக சுகாதாரச் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தேன். "இந்த வயசுல பரீட்சையா?" என்று வீட்டில் சிரித்தார்கள்.

தியரி பெரிய விஷயமில்லை. பாதிக்கு மேல் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படிக்கும்போதே மனப்பாடம் செய்ததுதான். பாடப்புத்தகம்தான் இரண்டு மாதம் தாமதமாக வந்தது. அதுவரை சீனியர் ஒருவரின் ஜெராக்ஸில் காலம் தள்ளினோம்.

திணறியது களப்பணியில். முப்பது வயது தாண்டியவர்களிடம் வீடு வீடாகப் போய் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: வயது, புகையிலை, மது, இடுப்பளவு, உடலுழைப்பு, குடும்பத்தில் யாருக்காவது பி.பி., சர்க்கரை உண்டா. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். நாலுக்கு மேல் போனால் அவர்களை முதலில் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

முதல் வீட்டில் ஐம்பத்திரண்டு வயது அம்மா ஒருவர். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி உண்டா என்று படிவத்தில் இருந்தபடியே கேட்டேன். "எக்சசைஸா? நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்" என்றார். இல்லை என்று குறித்துக்கொண்டேன். இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டேன், 92 செ.மீ. மொத்தம் ஐந்து மதிப்பெண்.

கூட வந்த கிராம சுகாதார செவிலியர் (வி.எச்.என்.) அக்கா படிவத்தை வாங்கிப் பார்த்தார். "ஏம்மா, காலையில ஏழு மணிக்குக் களையெடுக்கப் போயிட்டு மத்தியானம் வர்றாங்களே, அது உழைப்பில்லையா?" அப்புறம் டேப்பைக் காட்டினார். நான் அளந்தது இடுப்பை அல்ல, சேலைக் கொசுவத்தை. அந்த அம்மாவை உள்ளே கூட்டிப்போய், கொசுவத்தை இறக்கிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை விடச் சொல்லி மறுபடி அளந்தேன். 86. மொத்தம் மூன்றாகிவிட்டது.

மூன்றுதானே என்று கிளம்பப் பார்த்தேன். அக்கா விடவில்லை. மதிப்பெண் யாரை முதலில் பார்ப்பது என்றுதான் சொல்லும். முப்பது தாண்டிய எல்லோருக்கும் பி.பி. பார்த்தே ஆக வேண்டும். அந்த அம்மாவை ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பார்த்தேன். 164/100. கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் பார்த்தேன், 160/98. தலைசுற்றல் உண்டா என்றால், "நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார். வார்டில் இப்படி ஒருவரை நான் பார்த்ததே இல்லை. நன்றாக இருப்பவர் எதற்கு வார்டுக்கு வரப்போகிறார்? ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தோம். இரண்டாம் தடவை போய்ச் சொன்ன பிறகுதான் போனார்.

மற்றதெல்லாம் ரெக்கார்டு எழுதுவதும் கையெழுத்துக்கு அலைவதும்தான். செய்முறைத் தேர்வில் லாக் புக்கைப் புரட்டிய தேர்வாளர் அந்தப் பக்கத்தில் நிறுத்தினார். 5-ஐ அடித்து 3 என்று எழுதியிருந்தேன். அடித்தல் திருத்தல் கூடாதென்று ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டார். சரி, போகட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.