பெருவிரல் தேயாமல்: ஒரு தொக்கணப் பயிற்சி நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள், தென்காசி

தொக்கணம் என்பது எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிடும் சித்த மருத்துவ முறை. முதல் நாள் எண்ணெய்க் கிண்ணத்தை வெளியே எடுப்பதில்லை. கேள்வி கேட்கத்தான் பயிற்சி. காய்ச்சல் இருக்கிறதா, அண்மையில் அறுவை நடந்ததா, எலும்பு முறிவு, தோலில் படை அல்லது புண், சர்க்கரை, இரத்த அழுத்தம், என்னென்ன மாத்திரை, பெண் என்றால் கர்ப்பமா. மாத்திரைச் சீட்டை வாங்கிக் கண்ணால் பார்க்க வேண்டும். "பிரஷர் மாத்திரைதான்" என்று சொல்பவர் பையில் வார்ஃபாரின் இருக்கும். இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவரை அழுத்திப் பிசைந்தால் மறுநாள் தொடை முழுக்கக் கருநீலமாகக் கன்றிப்போகும்.

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது ஒரு கால் மட்டும் வீங்கியிருப்பது. இரண்டு காலும் வீங்கினால் பெரும்பாலும் காரணம் வேறு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது என்றால் ஆழ்சிரையில், அதாவது காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் இரத்தக்குழாயில், இரத்தம் உறைந்திருக்கலாம். நெடும் பயணம், பிரசவம், அறுவை, பல நாள் படுக்கை ஆகியவற்றுக்குப் பின் இது வரும். அங்கே நீவினால் உறைந்த இரத்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம், உயிர் போகலாம். தொடாமல் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இரத்த அழுத்தம் 160/100க்கு மேல் இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் கை வைப்பதில்லை என்பது வகுப்பின் விதி.

ஜூன் 5, புதன்

இன்று மேசையும் நிற்கும் விதமும். கையைத் தொங்கவிட்டு மேசையோரம் நின்றால் மடக்கிய விரல்முட்டி மேசையைத் தொட வேண்டும். அதைவிட உயரம் கூடினால் தோள் தூக்கிக்கொள்ளும், குறைந்தால் முதுகு வளையும். தரையில் பாய் விரித்துச் செய்பவர்களுக்கு முழங்காலடியில் தடித்த மெத்தை கட்டாயம்.

ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. அழுத்தம் பின்காலிலிருந்து புறப்பட்டு, இடுப்பு வழியாக, நீட்டிய கையில் இறங்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கைச்சதையால் தள்ளுவார்கள். இரண்டாவது ஆள் முடியும்போதே மூச்சு வாங்கும்.

இதைப் பிடிக்க எளிய வழி, முள் வைத்த எடைத்தராசு ஒன்றை மேசைமேல் வைப்பது. உள்ளங்கையால் 5 கிலோ வரை அழுத்தி 10 விநாடி நிறுத்தச் சொல்கிறோம். உடம்பைச் சாய்த்து அழுத்துபவருக்கு முள் அப்படியே நிற்கும், கைபலத்தால் அழுத்துபவருக்கு நடுங்கும். பிறகு 8, 12 என்று கூட்டலாம். வாயால் பத்து முறை சொல்லிப் புரியாதது முள்ளைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரிகிறது.

பெருவிரல் பற்றி: நுனிக்கணு பின்னோக்கி வளைந்தபடி அழுத்தவே கூடாது. கணு, அடிமூட்டு, மணிக்கட்டு மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், மற்ற விரல்கள் பக்கத்தில் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது வாரத்துக்குள் பெருவிரல் அடியில் வலி தொடங்கும். இந்தத் தொழிலைப் பாதியில் விட்டவர்களில் பலர் விட்டது வருமானத்தால் அல்ல, பெருவிரலால். அகன்ற சதைக்கு முன்கை, சிறு முடிச்சுக்கு மடக்கிய விரல்முட்டி, ஆழத்துக்கு முழங்கை. பெருவிரல் முடிச்சைத் தேடிப் பார்க்க மட்டும்.

ஜூன் 10, திங்கள்

எண்ணெய். பழகுவதற்கு வெறும் நல்லெண்ணெய் போதும். தைலம் எது என்று தீர்மானிப்பது சித்த மருத்துவர், தேய்ப்பவர் அல்ல. ஆனாலும் கையில் இருப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். விடமுட்டித் தைலத்தில் எட்டிக்கொட்டை சேர்கிறது. எட்டியில் இருப்பது ஸ்ட்ரிக்னைன் என்ற கடும் நஞ்சு. ஆகவே புண்ணில் படக்கூடாது, தேய்த்து முடித்துச் சோப்பால் கை கழுவாமல் சாப்பிட உட்காரக்கூடாது. கற்பூரம் சேர்ந்த தைலம் கைக்குழந்தைக்கு ஆகாது.

முழு உடம்புக்கு 80 முதல் 100 மி.லி. தோல் வறண்டிருந்தால் இன்னும் 20. அதிகம் ஊற்றினால் நல்லது என்று நினைப்பதுதான் பொதுவான தப்பு. எண்ணெய் மிதந்தால் கை வழுக்கிப் போகும், சதை பிடிபடாது. குறைந்தால் கால்முடி இழுபட்டு அடுத்த நாள் முடியின் வேர்களில் சிவந்த கொப்புளம் வரும். முடி அடர்ந்தவருக்குக் கொஞ்சம் கூடுதல் எண்ணெய், முடி படிந்த திசையிலேயே நீவல்.

சூடு: வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்துத்தான். நேரடித் தீயில் வைத்தால் அடியில் கொதித்து மேலே ஆறியதுபோல் இருக்கும், ஏமாந்துவிடுவோம். தன் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, பிறகு தன் கையில் ஊற்றிக்கொண்டு, அந்தக் கையால் தடவ வேண்டும். படுத்திருப்பவர் முதுகில் நேரே ஊற்றினால் உடம்பு திடுக்கிட்டு இறுகும், அதை இளக்கவே பத்து நிமிடம் போய்விடும். மிஞ்சிய எண்ணெயை மறுபடி சூடாக்கி அடுத்தவருக்கு எடுக்கக் கூடாது.

ஜூன் 12, புதன்

தொக்கணம் சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவங்களில், அதாவது உடம்பின் மேல் செய்யும் சிகிச்சைகளில், ஒன்று. அதில் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். பெயர்களை மனப்பாடம் செய்ய ஒரு மணி நேரம் போதும், கைக்கு வர மாதங்கள் ஆகும். தொடக்கத்தில் அழுத்தல், பிடித்தல், அசைத்தல், தட்டல் நான்கும்தான். முறுக்கலும் இழுத்தலும் மூட்டைத் தொடும் வேலை. எலும்பு தேய்ந்த மூதாட்டியின் கழுத்தை "சொடக்கு" எடுக்கிறேன் என்று திருப்புவது தொக்கணமே அல்ல.

ஜூன் 14, வெள்ளி

சாரல் நிற்கவில்லை, துண்டு காயவில்லை. இந்த ஊரில் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை இதே கதை. ஆளுக்கு மூன்று துண்டு என்று கணக்கிட்டு இருமடங்கு வைத்திருக்க வேண்டும். எண்ணெய்த் துண்டைக் கொதிக்கும் வெந்நீரும் சலவைச் சோடாவும் விட்டு ஊறவைத்துத் துவைக்க வேண்டும். எண்ணெய் போகாத துணியை உலர்த்தும் எந்திரத்தில் போட்டுச் சூட்டோடு குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். எண்ணெய் காற்றோடு சேரும்போது வெப்பம் பிறக்கிறது, குவியலுக்குள் அது வெளியேற வழியில்லை. விரித்து ஆறவிட்ட பிறகே மடிக்க வேண்டும்.

ஜூன் 20, வியாழன்

கால், பின்பக்கம். குப்புறப் படுத்ததும் கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்று, சுமார் அரை அடிப் பருமன். இதை மறந்தால் பாதம் கீழ்நோக்கி நீண்டு கெண்டைச்சதை சுருங்கியே கிடக்கும், அதைப் பிசைந்ததும் குரக்களி (சதைப்பிடிப்பு) பிடிக்கும். பிடித்துவிட்டால் பிசைவதை நிறுத்தி, பாதத்தை முழங்காலை நோக்கி மெல்லத் தள்ளி, இளகும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும்.

வரிசை இப்படி. துணியை விலக்குவது ஒரு காலுக்கு மட்டும், மற்றது மூடியே இருக்கும். பாதத்திலிருந்து தொடை வரை ஆறு நீண்ட நீவல்: ஏறும்போது அழுத்தம், இறங்கும்போது கை ஒட்டியிருந்தால் போதும். சிரைகளின் வால்வு மேல்நோக்கித்தான் வழிவிடும். பின் கெண்டைச்சதையை இரு கையாலும் மாவு பிசைவதுபோல் அள்ளி விடுதல், மூன்று சுற்று. முழங்கால் மடிப்புக் குழியில் கை பறவைபோல் கடக்க வேண்டும், அங்கே நாடியும் நரம்பும் தோலடியில் கிடக்கின்றன. தொடையில் முன்கை. கடைசியாக மீண்டும் நீவல். ஒரு காலுக்கு 8 நிமிடம். முறுக்கிப் புடைத்த சிரை தெரிந்தால் அதன்மேல் அழுத்தமே கிடையாது.

ஜூன் 27, வியாழன்

முதுகு. முதுகெலும்பின் மேல் அழுத்துவதில்லை, இரு பக்கமும் இரண்டு விரல் தள்ளி ஓடும் சதைத்தூண்தான் இலக்கு. அவர் மூச்சை விடும்போது அழுத்து, இழுக்கும்போது தளர்த்து. கடைசி விலாவுக்குக் கீழே சிறுநீரகம் இருப்பதால் அங்கே தட்டல் இல்லை. கழுத்தின் முன்பக்கம், அக்குள், தொடை இடுக்கு மூன்றும் விலக்கு.

வர்மம், அதாவது அடிபட்டால் ஆபத்தாகும் உடம்பின் புள்ளிகள், எப்போது சொல்லித் தருவீர்கள் என்று ஒவ்வொரு அணியும் கேட்கும். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று எண்ணிக்கை சொல்லலாம். இந்த வகுப்பில் அவை எங்கே இருக்கின்றன என்று காட்டுவது விலகிப் போவதற்காக மட்டுமே.

ஜூலை 4, வியாழன்

குற்றாலத்தில் சீசன் கூட்டம். அருவியில் எண்ணெயும் சோப்பும் தடை என்றாலும் எண்ணெய் தேய்த்துவிடுபவர்களைத் தேடி வருபவர்கள் குறையவில்லை. அவர்களில் நல்ல கைக்காரர்களின் தட்டலைக் கவனித்தால் பாடம்: மணிக்கட்டு தளர்ந்து, உள்ளங்கை குழிந்து, ஓசை பெரிதாக, அடி லேசாக. அங்கே இல்லாதது முதல் நாள் கேள்விகள் மட்டும்.

ஜூலை 12, வெள்ளி

இலைக்கிழி, அதாவது துணியில் கட்டிய சூடான இலைப் பொட்டலத்தால் ஒற்றடம். நொச்சி, ஆமணக்கு, முருங்கை இலைகளை நறுக்கித் தைலத்தில் வதக்கி, ஒன்றரை அடிச் சதுரப் பருத்தித் துணியில் இறுகக் கட்ட வேண்டும். இரண்டு கிழி வேண்டும்: ஒன்று உடம்பில் இருக்கையில் மற்றது வாணலியில். இரண்டு மூன்று நிமிடத்தில் ஆறிவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புறங்கையில் ஒற்றிப் பார்த்த பின்னரே அவர் உடம்பில். முதலில் சூடு கூடுதல் என்பதால் வேகமாக ஒற்றி எடு, ஆற ஆற நிறுத்தி ஒற்று.

சர்க்கரை நோயாளியின் பாதத்துக்குக் கிழி வைப்பதில்லை. உணர்ச்சி குறைந்த பாதம் சுடுவதைச் சொல்லாது, கொப்புளம்தான் சொல்லும்.

ஜூலை 18, வியாழன்

முடித்ததும் எழ விடக்கூடாது. பக்கவாட்டில் புரண்டு, உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம். நீண்ட நேரம் படுத்தவர் சட்டென்று நின்றால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், எண்ணெய்க் காலோடு தரையில் விழுவார். உள்ளங்காலைத் துடைத்து, செருப்பு போட்ட பிறகே தரை. எண்ணெய் போக்கப் பயத்தமாவு.

வேலை பற்றிக் கேட்பவர்களுக்கு: அரசு சித்தப் பிரிவுகளில் சிகிச்சை உதவியாளர் பணிக்கு விளம்பரம் வரும்போது ஆண், பெண் என்று தனித்தனி இடம் இருக்கும், தமிழக அரசு நடத்தும் நர்சிங் தெரபிஸ்ட் பட்டயம் கேட்பார்கள். இங்கே கொடுக்கும் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. எங்கே சேர்ந்தாலும் நாளுக்கு எத்தனை முழு உடம்பு என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐந்துக்கு மேல் போனால் கை தாங்காது.

நாளை தேர்வு. 40 மதிப்பெண் கேள்வித்தாளுக்கு, 60 மேசைக்கு. நோயாளி விவரம் எழுதிய மாதிரிச் சீட்டுகளில் ஒன்றில் ஒற்றைக் கால் வீக்கம் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்தும் எண்ணெய் எடுப்பவருக்கு மேசை மதிப்பெண் முழுவதும் போகும். தராசின் முள் ஒரு கிலோ தள்ளி நிற்கிறது, காலைக்குள் சரிசெய்ய வேண்டும்.