போல்ட்டுக்குக் கேட்கும் புகைக் கணக்கு

மண்ணடியில் ஏற்றுமதி ஆவணங்கள் தயார் செய்யும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் என்றிருந்த வேலையில் இப்போது புகைக் கணக்கும் சேர்ந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்ற சரக்குகளைத் தயாரிக்கும்போது எவ்வளவு கார்பன் வெளியானது என்று 2023 அக்டோபரிலிருந்து கணக்குக் கேட்டார்கள். 2026 ஜனவரி முதல் அந்தக் கார்பனுக்குக் காசும் கட்ட வேண்டும். போல்ட், நட்டுகூடத் தப்பவில்லை.

கொருக்குப்பேட்டையில் போல்ட் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு அந்த எக்செல் படிவத்தை நான்தான் நிரப்புகிறேன். கரன்ட் யூனிட்டை ஈ.பி. பில்லில் பார்த்துக்கொள்ளலாம். அடுப்புக்கு எரிந்த டீசலுக்கும் பில் இருக்கிறது. சிக்கல் அவர் வாங்கும் கம்பியில்தான். அதை உருக்கிய ஆலை எவ்வளவு புகை விட்டது என்று ஆலைக்காரர்கள் எழுதித் தர வேண்டும். டீலரிடம் ரெண்டு டன், மூணு டன் என்று வாங்குகிறவருக்கு யார் எழுதித் தருவார்கள்? தராவிட்டால் ஐரோப்பா நிர்ணயித்த எண்ணைத்தான் போட வேண்டும், அது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். காசு கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர்தான். ஆனால் அதை இவருடைய விலையில் கழிக்காமல் விடமாட்டார்.

"இன்னாம்மா, இத்தினி வருசமா அவுங்க எரிச்ச கரிக்கு யாரு கணக்கு எயுதுனது?" என்று கேட்டார் அண்ணன்.

நியாயமான கேள்வி. லண்டனில் ஹால்பன் பகுதியில் நிலக்கரி மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1882-ல். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது 2024 செப்டம்பர் 30-ல். பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறிவிட்டது, சரி. ஆனால் அதுவும் 2027 ஜனவரியிலிருந்து இதே மாதிரி வரி போடப் போகிறது.

தங்கள் வசதிக்கு விதியை மாற்றுவது அவர்களுக்குப் புதிதில்லை. நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த பேட்டை இது. சோழமண்டலக் கரையிலிருந்து போன அச்சுத் துணிக்கு இங்கிலாந்தில் அத்தனை கிராக்கி. அங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்ததும் 1700-ல் இறக்குமதிக்குத் தடை போட்டார்கள், 1721-ல் உடுத்தவே தடை. அப்புறம் அங்கே லங்காஷயரில் நெசவு இயந்திரங்கள் வந்ததும் பேச்சு மாறிவிட்டது. எல்லோரும் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்றார்கள். 1882-ல் இந்தியாவுக்குள் வரும் துணிக்கான சுங்கத்தையே எடுத்துவிட்டார்கள். கஜானா வற்றியதால் திரும்பவும் போட வேண்டி வந்தபோது, 1896-ல் இறக்குமதித் துணிக்கு 3.5 சதவீதம் என்றால் இங்கே ஆலையில் நெய்த துணிக்கும் அதே 3.5 சதவீதம். பெரம்பூர் ஆலைத் துணிக்கும் சேர்த்துத்தான். சொந்த நாட்டில் நெய்து சொந்த நாட்டில் விற்ற துணிக்கு, மான்செஸ்டர் ஆலை முதலாளிகள் மனம் கோணக் கூடாது என்பதற்காக வரி! அது நீங்க 1925 ஆயிற்று.

இதையெல்லாம் எழுதியதும், "அப்போ நாமும் இஷ்டத்துக்குப் புகை விடலாமா?" என்று யாராவது கேட்பார்கள். கூடாது. எண்ணூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். அனல் மின்நிலையச் சாம்பல் கலந்து கொசஸ்தலை ஆற்றின் அடிமண் சாம்பல் நிறச் சேறாகிக் கிடக்கிறது. கையை விட்டு இறால் தடவிப் பிடிக்கிறவர்கள் அந்தச் சேற்றில்தான் இறங்குகிறார்கள். அவர்களிடம் போய் வெள்ளைக்காரன் செய்த அநியாயத்தைக் காரணமாகச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தச் சாம்பலுக்கு நம் அரசுகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

எனவே புகையை அளப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. இப்போது விடும் புகையை மட்டும்தான் அளப்பேன், பழைய புகையைக் கேட்காதே, வசூலும் எனக்கே என்று ஐரோப்பா சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் கரி எரித்துச் சேர்த்த செல்வத்தில் அவர்கள் சுத்தமான உலைகளுக்கு மாறி வருகிறார்கள். அண்ணனுக்கு டீசல் அடுப்பை மாற்றவே வங்கிக் கடன் கிடைக்கவில்லை. போல்ட்டின் பேரில் வசூலாகும் பணம் இந்தப் பட்டறைகளுக்கு அடுப்பு மாற்றத் திரும்பி வரட்டும், கொருக்குப்பேட்டை முழுவதற்கும் நானே உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன்.