எனக்குச் சத்தம் வேண்டும்

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் கூடும் இடத்தில் முதல் வேலையாக டியூப்லைட்டை அணைப்பார்கள். கைதட்டக் கூடாது, கைகளை அசைத்தால் போதும். சத்தம் தாங்காதவர்களுக்கு அது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சத்தம் வேண்டும். கோயில் திருவிழாவில் உறுமியும் பறையும் முழங்கும் இடத்தில் நெஞ்சுக்கூடு அதிர நிற்பேன். அப்போதுதான் உடம்பு ஒரு நிலைக்கு வரும்.

இதுவும் ஆட்டிசம்தான். மனநல மருத்துவர்கள் ஆட்டிசம் போன்றவற்றைக் கண்டறியப் பயன்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு, புலன்கள் மிகையாக உணர்வதோடு குறைவாக உணர்வதையும் சேர்த்தே சொல்கிறது. ஆனாலும் அந்தக் கூட்டங்களில் எல்லாரும் சத்தத்தைத் தடுக்கும் ஹெட்போன் மாடல்களைப் பற்றிப் பேசும்போது எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. "உங்களுக்கு லேசான ஆட்டிசமா அக்கா?" என்று ஒரு தம்பி கேட்டான். சொந்தக்காரர்கள் கேட்டுப் பழகிவிட்டது. இவன் கேட்டது வலித்தது.

ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாததில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு என்று, தானும் ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டாமியன் மில்டன் 2012இல் எழுதினார். சரி, ஒரே தரப்புக்குள் ஒருத்திக்கு உறுமியும் இன்னொருவருக்கு நிசப்தமும் தேவைப்பட்டால்? அடுத்த முறை கடற்கரையில் கூடலாமா என்று கேட்டிருக்கிறேன். மணல் காலில் ஒட்டும், வேண்டாம் என்கிறார்கள் பாதிப் பேர்.