காய்கறி டிரேயின் அடியில் தண்ணீர்

ஜூன் 4, புதன்

இன்று காலையும் பிரிட்ஜில் காய்கறி டிரேயின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. மூன்று நாளாகத் துடைத்துப் பிழிந்ததோடு விட்டுவிட்டேன். இன்று அது கதவோரமாக வழிந்து தரைக்கு வந்துவிட்டது. அம்மா அதில் கால் வைத்து வழுக்கி, நல்லவேளையாகக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். இனித் துணியோடு காலம் தள்ள முடியாது.

முதலில் கதவு ரப்பரைச் சந்தேகித்தேன். தாளை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தேன். நான்கு பக்கமும் இறுக்கமாகப் பிடிக்கிறது. குற்றம் அங்கே இல்லை.

ஜூன் 5, வியாழன்

டார்ச் அடித்து ஃப்ரீசரைப் பார்த்தேன். தரை முழுக்கக் கண்ணாடி போல ஒரு விரல் தடிமனுக்குப் பனிக்கட்டி. விஷயம் விளங்கிவிட்டது.

தானாகப் பனி உருக்கும் பிரிட்ஜ் இது. ஃப்ரீசரின் பின்பலகைக்கு உள்ளே இருக்கும் காயிலில், அதாவது குளிர்விக்கும் குழாய்ச் சுருளில், பனி படியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஹீட்டர் அதை உருக்கும். உருகிய நீர் கீழே ஒரு துளை வழியாகக் குழாயில் இறங்கி, கம்ப்ரசருக்கு மேலுள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். துளை அடைத்துக்கொண்டால் நீர் ஃப்ரீசருக்குள்ளேயே பரவி உறையும். மிச்சம் கீழ் அறைக்குச் சொட்டும். எங்கள் வீட்டில் நடப்பது அதேதான்.

“கத்தியால் குத்தினால் ஐந்து நிமிட வேலை” என்றான் தம்பி. கத்தியைத் தொடவே விடவில்லை. காயிலில் ஓர் ஓட்டை விழுந்தால் அதனுள் ஓடும் குளிர்விக்கும் வாயு முழுவதும் போய்விடும். புதிய பிரிட்ஜ் பலவற்றில் இருப்பது தீப்பற்றக்கூடிய வாயு வேறு.

ஜூன் 7, சனி

காலையிலேயே பிளக்கைப் பிடுங்கி, பொருள்களை வெளியே எடுத்து, கதவுகளைத் திறந்து வைத்தேன். பனி தானாக உருக மதியம் வரை ஆனது. பொறுமைதான் பெரிய வேலை. பிறகு திருகாணிகளைக் கழற்றிப் பின்பலகையை மெதுவாக வெளியே எடுத்தேன். துளையின் வாயில் மட்டும் இன்னும் ஒரு பனிக்கட்டி, குப்பிக்கு அடைப்பான் வைத்ததுபோல. ஊசியில்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினேன். கொதிநீர் கூடாது, குளிர்ந்த பிளாஸ்டிக் விரிசல் விடும். ஏழாவது தடவை ‘களக்’ என்று ஓர் ஒலி. தேங்கிய நீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. அந்த ஒலியைக் கேட்டதும் அப்படி ஒரு நிம்மதி!

ஆனால் பின்பக்கத் தட்டில் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. குழாயின் முனையில் வாத்தின் அலகு போன்ற ஒரு ரப்பர் மூடி. தூசியும் பிசுக்கும் சேர்ந்து அதன் பிளவு ஒட்டிக்கிடந்தது. உண்மையான காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்: இங்கே இறங்காத நீர் குழாயில் மேல்வரை நின்று, துளையருகே உறைந்திருக்கிறது. மேலே மட்டும் சரிசெய்திருந்தால் சில வாரங்களில் மறுபடியும் குளம்தான். சோப்பு நீரில் கழுவி, விரலால் பிளவைப் பிரித்து மாட்டினேன். அடுத்து ஊற்றிய நீர் ஒரே தாரையாக விழுந்தது.

ஜூன் 15, ஞாயிறு

டிரேயின் அடியில் விரித்த காகிதம் எட்டு நாளாக நனையவில்லை. ஃப்ரீசர் தரையிலும் பனி இல்லை. பிளக்கை எடுத்துவிட்டுப் பின்பக்கத் தட்டைத் தொட்டுப் பார்த்தேன். விரல் நுனி நனைந்தது. கொஞ்சம் தண்ணீர், இளஞ்சூடாக.