யார் கருதுவது?

கோப்புத் தமிழில் 'நான்' கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே இது எனக்குக் கற்றுத்தரப்பட்டது. பாருங்கள், இந்த வாக்கியத்தில்கூடக் கற்றுத்தந்தவர் விழுந்துவிட்டார். அவர் எங்கள் கண்காணிப்பாளர். நான் போட்ட முதல் குறிப்பில் 'மனுவை ஏற்கலாம் என்று நினைக்கிறேன்' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு 'மனு ஏற்கத்தக்கது எனக் கருதப்படுகிறது' என்று மேலே எழுதினார். "நினைப்பதற்கு நீ யார் தம்பி? நினைப்பது அலுவலகம். எழுதுவதுதான் நீ" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. சைக்கிள் ஓட்டப் பழகும் பையனுக்குப் பிரேக் எங்கே இருக்கிறது என்று காட்டுவது போலத்தான் சொன்னார்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்தத் தமிழில் எழுதினேன். 'தங்களது கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது', 'நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது', 'ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.' மேலதிகாரிக்கு ஒப்புதல் இல்லையென்றால் அதையும் எழுத மாட்டார். கோப்பின் ஓரத்தில் பச்சை மையில் 'பேசவும்' என்ற ஒரே சொல் இருக்கும். போய் நின்றால் வாயால் சொல்வார். வாயால் சொன்னதற்குக் கோப்பில் தடயம் இருக்காது. திரும்பி வந்து, அவர் சொன்னதை என் குறிப்பாகவே எழுதி மறுபடி மேலே அனுப்ப வேண்டும். இது அந்த மனிதர்களின் கெட்ட குணம் என்று நான் சொல்ல வரவில்லை. பலர் நல்லவர்கள். எந்த முடிவும் எவர் தலையிலும் விழாதபடி ஒரு மொழி தயாராக இருந்தது, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு, சிறு பதிப்பகம் ஒன்றுக்காக ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலை மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டேன். ஆங்கிலம் சுமாராக வரும், பொழுது நிறைய இருந்தது. தனிமனிதனின் சிந்தனைக்கும் பேச்சுக்கும் வாழ்முறைக்கும் அரசிடமிருந்து மட்டுமல்ல, அண்டை வீட்டாரிடமிருந்தும் பாதுகாப்பு வேண்டும் என்று வாதாடும் நூல் அது. மூன்றாம் அத்தியாயம் முழுவதும் தனித்தன்மை பற்றியது. மனித இயல்பு ஒரு மாதிரியைப் பார்த்துக் கட்டி, சொன்ன வேலையைச் செய்ய விடும் இயந்திரம் அல்ல. உள்ளிருக்கும் விசைகளின் போக்கில் எல்லாப் பக்கமும் வளர வேண்டிய மரம் என்கிறார். அந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. எங்கள் கண்காணிப்பாளருக்கும் மரத்தைப் பற்றி ஒரு கருத்து உண்டு. எவராவது கோப்பில் மாற்றுக் கருத்து எழுதினால் போதும், "தனிமரம் தோப்பாகாது" என்பார்.

1997 பங்குனி. சட்டம் ஒழுங்குக் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். ஒரு கிராமத்திலிருந்து, கோயில் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' நாடகம் நடத்த அனுமதி கேட்டு மனு வந்தது. அந்தப் பக்கத்தில் திருவிழாவென்றால் வள்ளி திருமணம் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் வருகிற மனுதான். அந்த ஆண்டு கூடவே இன்னொரு மனுவும் வந்தது. முந்தைய ஆண்டு வள்ளியாக நடித்த பெண் தர்க்கத்தின்போது ஊர்ப் பெரியவர்கள் சிலர் மனம் புண்படப் பேசியதாகவும், அவரை மறுபடி அழைத்தால் ஊரில் அமைதி கெடும் என்றும் அதில் இருந்தது. கீழே இருபதுக்கு மேல் கையொப்பங்கள்.

ஸ்பெஷல் நாடகம் பார்த்திராதவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் வந்தது இந்த நாடகம். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கங்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடிந்துதான் முடியும். நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். ராஜபார்ட், அதாவது நாயகன் வேடக்காரர், ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகி வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து. கோமாளியான பபூன், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் எல்லாரையும் தனித்தனியே பேசி, தனித்தனியே முன்பணம் கொடுத்து வரவழைப்பார்கள். அதனால்தான் 'ஸ்பெஷல்'. ஒத்திகை என்று ஒன்று கிடையாது. அன்றிரவு மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் வள்ளியும் வேலனும் நேரில் பார்த்துக்கொள்வதும் உண்டு. கதை எல்லாருக்கும் தெரியும், பாட்டும் தெரியும். ஆனால் தினைப்புனத்தில் வள்ளிக்கும் வேடனாக வந்த முருகனுக்கும் நடக்கும் தர்க்கம் யார் எழுதியதும் அல்ல. அவர் ஒரு கேள்வி போடுவார், இவர் மடக்குவார். அந்த நொடியில் என்ன தோன்றுகிறதோ அதுதான் வசனம். நல்ல ஸ்திரீபார்ட் என்று பெயர் எடுப்பது முகத்தால் அல்ல, அந்த ஒரு மணி நேரத்தால்.

தனிமனிதக் கொள்கை மேற்கிலிருந்து கப்பலேறி வந்தது, நமக்குக் கூட்டு வாழ்க்கைதான் இயல்பு என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால், ஒரே ஓர் இரவு மணல் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லத் தோன்றும். மரபு மொத்தமும் ஊருக்குச் சொந்தம். அதற்குள் நின்று அவள் என்ன பதில் சொல்கிறாள் என்பது அவளுக்கு மட்டுமே சொந்தம். அதைக் கேட்கத்தான் ஊரே விழித்திருக்கிறது.

நான் போட்ட முதல் குறிப்பு 'காவல் பாதுகாப்புடன் அனுமதிக்கலாம்' என்றது. 'பேசவும்' என்று திரும்பியது. போய்ப் பேசினேன். நாடக வசனப் பிரதியைக் கேட்டு வாங்கும்படி சொன்னார்கள். விழாக் கமிட்டிக்காரர் வந்தார். பிரதி என்றதும் சிரித்துவிட்டார். "பேசப் போகிறவர் இன்னும் யோசிக்கவே இல்லை சார். நான் எதை எழுதித் தருவது?" கேள்வியில் நியாயம் இருந்தது, கோப்பில் அதை வைக்கத்தான் இடம் இல்லை. 'வசனப் பிரதி சமர்ப்பிக்கப்படவில்லை' என்று எழுதினேன். அடுத்த வரியில், 'சட்டம் ஒழுங்குப் பிரச்சினை எழக்கூடும் எனக் கருதப்படுவதால் அனுமதி மறுக்கலாம்.' இரண்டு நாளில் ஆணை போனது. அந்த ஆண்டு திருவிழாவில் திரைப்படம் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நாடகங்களை அடக்க 1876-இல் ஆங்கிலேயர் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 1954-இல் சென்னை மாநிலம் தனக்கென்று ஒன்று இயற்றிக்கொண்டது, எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்துப் போட்டது என்பது நாடகக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை ஆக்கியது. எங்கள் ஆணையில் அந்தச் சட்டத்தைக்கூட நாங்கள் சுட்டவில்லை. 'கருதப்படுகிறது' போதுமாக இருந்தது.

இதைவிட உறுத்துவது வேறு. 1989-இல், 'ஒரே ஒரு கிராமத்திலே' திரைப்பட வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருந்தது: எதிர்ப்பும் ஊர்வலமும் வன்முறை மிரட்டலும் வரும் என்பதற்காகக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது, எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க இயலவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது, தடுத்துக் காப்பது அதன் கடமை. அந்தத் தீர்ப்பு வந்து எட்டு ஆண்டுகள் ஆன பிறகு நான் என் குறிப்பை எழுதியிருக்கிறேன். தமிழ்ப் படம், தமிழ்நாட்டு வழக்கு. எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தத் தீர்ப்பைக் கோப்பில் எழுதியிருப்பேனா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், 'பேசவும்' என்பதற்குப் பிறகு எழுதியிருக்க மாட்டேன்.

ஆணை போன மறுவாரம், வள்ளியாக நடித்த அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கூட யாரும் இல்லை, கையில் ஒரு துணிப்பை. சண்டை போட வந்திருப்பார் என்று நினைத்து நாற்காலியை நகர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவருக்கு ஆணையின் நகல் வேண்டும், அவ்வளவுதான். நாடகம் நின்றுபோனது தன்னால் அல்ல என்று அமைப்பாளரிடம் காட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் அடுத்த தேதிகளும் கை நழுவும். பங்குனியும் சித்திரையும்தான் அவர்களுக்கு அறுவடை.

நகலை வாங்கி நின்றபடியே படித்தார். 'கருதப்படுவதால்' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இது யார் சார் கருதியது?"

"அலுவலகம் அம்மா" என்றேன்.

"அலுவலகத்தில் யார்? மேடையில் நான் ஒன்று சொன்னால் வள்ளி சொன்னாள் என்று யாரும் விடுவதில்லை. என் பெயரைப் போட்டுத்தானே மனு கொடுத்திருக்கிறார்கள்?"

தர்க்கம் செய்தே பழகிய வாய். நான் பதில் சொல்லவில்லை. அவரும் காத்திருக்கவில்லை. நகலை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

மில்லை மொழிபெயர்க்கும்போது அவர் வாழ்க்கையையும் புரட்டினேன். அவர் ஒரு குமாஸ்தா என்பது எனக்கு அதுவரை தெரியாது. 1823-இல், பதினேழு வயதில், லண்டன் லெடன்ஹால் தெருவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகத்தில் எழுத்தராகச் சேர்கிறார். அப்பா ஜேம்ஸ் மில்லும் அங்கேதான். 1858-இல் கம்பெனியின் ஆட்சி முடியும் வரை முப்பத்தைந்து ஆண்டுகள். அவர் வேலை என்ன தெரியுமா? இந்தியாவுக்கு அனுப்பும் கடிதங்களுக்கு வரைவு எழுதுவது! ஏறத்தாழ 1,700 வரைவுகள். வரைவு மேலே போகும், இயக்குநர்கள் திருத்துவார்கள், அரசின் கட்டுப்பாட்டு வாரியம் திருத்தும், கடைசியில் 'நாங்கள்' என்ற குரலில், 'உங்கள் அன்புள்ள நண்பர்கள்' என்ற முடிப்புடன் இயக்குநர்களின் கையொப்பத்தில் கப்பலேறும். எழுதியவன் பெயர் எங்கும் இருக்காது. எல்லாம் கிடைக்காதபோது கிடைப்பதில் சிறந்ததைப் பெற அந்த வேலை தனக்குக் கற்றுத்தந்தது என்று தன்வரலாற்றில் எழுதுகிறார். அதைப் படித்தபோது எனக்கு அவர் லண்டன் தத்துவஞானியாகத் தோன்றவில்லை, பக்கத்து மேசைக்காரராகத் தோன்றினார்.

அவர் வேலையில் சேர்ந்த அதே 1823-இல்தான் கல்கத்தாவில் பத்திரிகை நடத்த அரசின் உரிமம் வேண்டும் என்று கம்பெனி ஆட்சி விதி போட்டது. ராம்மோகன் ராய் எதிர்த்து மனு எழுதினார். அந்த விதிக்குக் கட்டுப்பட மனமில்லாமல் தமது பாரசீகப் பத்திரிகையை நிறுத்திக்கொண்டார். பதினேழு வயதுப் பையனுக்கு அதில் பங்கு ஏதும் இல்லை. ஆனாலும் அவர் உட்கார்ந்திருந்த கட்டடம் எது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

மொழிபெயர்ப்பில் படாதபாடு படுத்தியது, விசித்திரமாக வாழ்கிறவர்களைப் பற்றி அவர் சொல்லும் இடம். மனத்திண்மை மிகுந்த காலங்களில் அத்தகையவர்களும் மிகுந்திருந்தார்கள், இப்போது துணிகிறவர்கள் குறைந்துபோனதே ஆபத்து என்கிறார். 'விசித்திரம்', 'வழக்கத்துக்கு மாறான' என்றெல்லாம் எழுதிப் பார்த்துவிட்டுக் கடைசியில் 'கிறுக்கு' என்று போட்டேன். ஊர் அப்படித்தான் சொல்கிறது. 'தனித்தன்மை' என்றால் எல்லாருக்கும் பிடிக்கும், விளம்பரங்களில்கூட வருகிறது. கிறுக்கைத் தாங்குகிறோமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பதிப்பாளர் பின்னட்டையில் 'நாமார்க்கும் குடியல்லோம்' என்று போடலாம் என்றார். அப்பர் அதே பாட்டில் சங்கரனுக்கு மீளா ஆளானதையும் சொல்கிறாரே என்று நான் தடுத்துவிட்டேன். அவருக்கு வருத்தம்தான்.

பெருமாள்முருகன் 'எழுத்தாளன் இறந்துவிட்டான்' என்று 2015 ஜனவரியில் அறிவித்தபோது நான் இன்னும் பணியில் இருந்தேன். 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்பு, பிறகு அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை, அதில் ஒரு கையொப்பம். அந்த அறையை நான் பார்த்ததில்லை. ஆனால் அப்படிப்பட்ட கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு எந்தத் தமிழில் இருக்கும் என்று என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும்: 'இரு தரப்பினரும் சுமுகமாக ஒப்புக்கொண்டனர்.' 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று கூறி, அவர் எழுதட்டும் என்று முடித்தது. தீர்ப்பை அன்றிரவு முழுவதும் படித்தேன். அந்த அம்மாவுக்கு நீதிமன்றம் போக வழியும் இல்லை, பொழுதும் இல்லை.

கையெழுத்துப் பிரதியைப் பதிப்பகத்தின் எடிட்டர் பார்த்தார். என் மகள் வயதுப் பெண். மூன்று வாரம் கழித்துத் திருப்பி அனுப்பியபோது பக்கங்களின் ஓரமெல்லாம் பென்சிலில் ஒரே கேள்வி: 'யார்?' மில் 'நான் மறுக்கிறேன்' என்று எழுதிய இடத்தில் நான் 'மறுக்கப்படுகிறது' என்றும், 'நான் நம்புகிறேன்' என்பதை 'நம்பப்படுகிறது' என்றும் எழுதியிருந்தேன். எனக்கே தெரியாமல். நூல் முழுவதையும் கோப்பாக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகத் திருத்தினேன். 'நான்' என்று எழுதும்போது முதல் சில பக்கங்களில் கை கூசியது, பிறகு பழகிவிட்டது.

ஓரிடத்தை மட்டும் திருத்த முடியவில்லை. முதல் அத்தியாயத்தில், இந்தச் சுதந்திரக் கொள்கை எல்லாருக்கும் பொருந்தாது என்று மில் விலக்கு வைக்கிறார். காட்டுமிராண்டிகளை முன்னேற்றுவதற்காக என்றால் அவர்களிடம் கொடுங்கோலாட்சி முறையான ஆட்சியே என்கிறார். பின்தங்கிய சமூகங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அங்கே இனமே இன்னும் பருவம் எய்தாததாகக் கருதப்படலாம். அவர் நாள்தோறும் யாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாரோ அவர்களும் அதில் அடக்கம் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'கருதப்படலாம்' என்பதன் அடியில் கோடிட்டு அந்தப் பெண் வழக்கம்போல 'யார்?' என்று எழுதியிருந்தார். மூலத்தை எடுத்துப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். பிறகு பென்சிலை எடுத்து அவர் கேள்விக்குக் கீழே எழுதினேன்: 'இது என் பிழை அல்ல அம்மா. மூலத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. இருக்கட்டும்.'